தேரன்று அப்பா பிரதட்டை செய்யலாமா?

வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

யாழ்ப்பாணம் நகரை அண்டி வசிக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 67 வயது. 12 வருடமாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். கிளினிக்கில் மெற்போமின், கிளிக்லசைட், லொசாட்டன், காலையில் ஒரு மூத்திரக் குளிசை என்று நான்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து, ஆறுவதற்கு இரண்டு மாதம் சென்றது. காலில் ஆணி குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. வேட்டியில் இரத்தக் கறையைக் கண்ட பிறகுதான் தெரிந்ததாம். கனடாவில் இருக்கும் மூத்த மகன் ஒரு சத்திரசிகிச்சையிலிருந்து சுகமாகி எழும்பினால் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தேர் நாளன்று பிரதட்டை (கோயில் வீதியில் உருண்டு வலம் வருதல்) செய்வதாக அப்பா நேர்த்தி வைத்திருக்கிறார். மகன் சுகமாகிவிட்டார். தேருக்கு இரண்டு நாள் முன்னர், மனைவி, 8 வயது மகள், 3 வயது மகனோடு வந்து இறங்குகிறார்.

முதல் நாள் இரவிலிருந்து தண்ணீரும் குடிக்காமல், குளிசையும் போடாமல் கடனைக் கழிக்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. "காண்டாவனம் (கத்தரி வெயில்) முடிஞ்சு எத்தினை நாள், சோளகமும் (தென்மேற்குக் காற்றும்) நல்லா அடிக்குது, வெயிலாலை என்ன வரப்போகுது" என்று அண்ணாவும் அப்பாவின் பக்கம். தேருக்கு அடுத்த நாள் கசூரினாக் கடற்கரைக்கு மிதக்கிற ரியூப் கொண்டுபோகும் யோசனையும் இருக்கிறது. சின்னவன் நித்திரையானால் வானுக்குள்ளேயே படுக்க விடலாம் என்றும் பேசியிருக்கிறார்கள்.

"அப்பாவை மறிக்க எனக்கு உரிமை இருக்கா? குளிசையை அவருக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கரைத்துக் கொடுக்கலாமா? மயங்கி விழுந்தால் பனடோல் கொடுத்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுவதா? பயத்தில் நித்திரை வருகுதில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. அப்பாவின் நேர்த்தியும் நியாயமானது. மகன் உயிர் தப்பி வந்ததற்கு நன்றி சொல்ல நினைக்கும் ஒரு தகப்பனிடம் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் கொண்டுபோனால் அது எடுபடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: ஆபத்து பிரதட்டையில் மட்டும் இல்லை. பட்டினி, தண்ணீர் இல்லாமை, மருந்து, சுடுமணல், சனநெருக்கம் ஆகிய ஐந்தையும் ஒரே காலைக்குள் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அதில் மூன்றைக் கழற்றி எடுத்தாலே நிலைமை வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாள். தேர் 24ஆம் நாள். மிச்சம் இருக்கும் நாட்களும் அதே முருகனுக்கு உரியவைதான்.

காண்டாவனம் முடிந்தாலும்

அண்ணா சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. காண்டாவனம் மே மாதத்தோடு போய்விடும், உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தரம்: ஒன்று சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். தேர் வருகிற காலம் அந்த இரண்டாவது உச்சிக்குப் பக்கத்திலேதான். நடுப்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலுக்குள்ளேயே சுருங்கிக் கிடப்பதைப் பார்த்தால் விளங்கும்.

சோளகம் வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிராக்கும், அதுவும் உண்மை. ஆனால் பல ஆயிரம் பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற வீதிக்குள் அந்தக் காற்று நுழையாது. உடம்பு சூட்டை இறக்குவது வியர்ப்பதால் அல்ல, வியர்வை ஆவியாவதால். புழுக்கத்தில் வியர்வை சொட்டுச் சொட்டாக ஒழுகி விழுந்தால் உடம்பில் உள்ள நீரும் உப்பும் போகிறது, சூடு போகவில்லை என்று அர்த்தம். வெப்பமானி 32 பாகை காட்டும் நாளில் காற்றின் ஈரப்பதன் 70 வீதமாக இருந்தால் உடம்பு உணர்வது ஏறத்தாழ 41 பாகை. இது நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நிற்பவருக்கு இன்னும் 8 பாகை வரை கூடலாம்.

இன்னொன்று. அண்ணா யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர், வெயில் அவருக்குப் பழகியது என்று நினைப்பீர்கள். வெக்கைக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு கிழமை வேண்டும். வெக்கையை விட்டு விலகி ஒரு மாதமளவு போனாலே அந்தப் பழக்கம் அழிந்துவிடும். பிறந்த ஊர் என்பது வியர்வைச் சுரப்பிகளுக்குத் தெரியாது. விமானத்தால் இறங்கி இரண்டாம் நாள் தேருக்கு நிற்கப்போகும் அண்ணாவும் அண்ணியும் பிள்ளைகளும், ஒரு வகையில் அப்பாவைவிட வெக்கைக்குப் புதியவர்கள். அதிலும் அண்ணா சத்திரசிகிச்சை முடித்தவர். தேரை நிழலான ஓரிடத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவதே அவருக்குப் போதும். காவடியோ வடம் பிடிப்பதோ இந்த முறை வேண்டாம்.

அப்பாவின் உடம்பில் என்ன நடக்கும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் பேச உங்களுக்கு உதவுவது இந்தப் பகுதிதான்.

கிளிக்லசைட் என்பது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. முதல் நாள் இரவு அதைப் போட்டுவிட்டு, விடிய வெறும் வயிற்றோடு வீதியில் உருண்டால் இரத்தத்தில் சீனி விழும். சீனி விழுந்தவருக்கும் வெயிலில் களைத்தவருக்கும் அறிகுறிகள் ஒரே மாதிரி: வியர்வை, நடுக்கம், கிறுதி, பேச்சுக் குழறல். பக்கத்தில் நிற்பவர்கள் "வெயில் பட்டுட்டுது" என்று நிழலில் கிடத்தி விசிறிக்கொண்டிருப்பார்கள். சீனி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே குளுக்கோமீற்றர் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், நினைவு தெளிவாக இருக்கும்பட்சத்தில், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தரம். குளுக்கோமீற்றர் இல்லாத நேரத்தில் சந்தேகம் வந்தால், சீனி விழுந்தது என்றே எடுத்துச் சீனித் தண்ணீர் கொடுங்கள். அந்த ஒரு கிளாஸால் கெடுதி வராது.

மூத்திரக் குளிசை உப்பையும் நீரையும் வெளியேற்றிப் பிரஷரைக் குறைக்கிறது. லொசாட்டன் இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. இரண்டும் நல்ல மருந்துகள். ஆனால் 10 மணித்தியாலம் தண்ணீர் படாத, வியர்த்துக்கொண்டிருக்கும் உடம்பில் இரண்டும் சேர்ந்தால் பிரஷர் கீழே விழும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். பிரதட்டை முடித்து எழும்பும்போதுதான் பலர் விழுகிறார்கள். கனநேரம் படுத்தபடி உருண்ட உடம்பு சட்டென்று நிமிரும்போது இரத்தம் காலுக்கு இறங்கிவிடும். உருண்ட சுற்றலும் சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் கேட்டதும் "அப்ப குளிசையை நிப்பாட்டினால் சரிதானே" என்று அப்பா சொல்லக்கூடும். திருவிழா முழுக்க நிறுத்தினால் சீனியும் பிரஷரும் ஏறிவிடும். சீனி மிக ஏறினால் அதுவே மூத்திரத்தைக் கூட்டி உடம்பை இன்னும் வறட்டும். செய்ய வேண்டியது அந்த ஒரு காலைக்கு மட்டும் நேரத்தை மாற்றுவது. பொதுவாக வைத்தியர்கள், சாப்பிடாத வேளைக்குரிய கிளிக்லசைட்டை அந்த வேளை விட்டுவிட்டு, அடுத்த சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். மூத்திரக் குளிசையை அந்தக் காலை தவிர்க்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அப்பாவின் சிறுநீரக இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவருடைய கிளினிக் வைத்தியர்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். என் பதிலை வைத்துக்கொண்டு நீங்களாக மாற்றாதீர்கள்.

தேத்தண்ணிக்குள் கரைத்துக் கொடுக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அப்பா பிறகு மனம் மாறித் தானும் ஒரு குளிசையைப் போட்டால் இரட்டை அளவு உள்ளே போகும். அதைவிட, ஒருமுறை கண்டுபிடித்தாரென்றால் உங்கள் கையால் தருகிற தண்ணீரையும் நம்பமாட்டார்.

இனிக் கால். ஆணி குத்தியது தெரியாத கால், மணல் சுடுவதையும் சொல்லாது. வெயில் ஏறிய மணலின் சூடு 50 பாகையைத் தாண்டும். மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். அப்பா நிதானமாக நடந்து வருவார், பின்னேரம் குதிக்காலில் கொப்புளம் இருக்கும். போன வருடப் புண்ணுக்கு இரண்டு மாதம் சென்றது என்றால், வெந்த காலுக்கு எத்தனை மாதம் செல்லும், விரல் மிஞ்சுமா என்பதையெல்லாம் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. மணலில் இறங்க முன்னர் உங்கள் புறங்கையை அதில் ஐந்து விநாடி வையுங்கள். கை பொறுக்கவில்லை என்றால் அப்பா இறங்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடி, விரலிடுக்கு, முதுகு, தோள்மூட்டு எல்லாம் நீங்களே பாருங்கள். கொப்புளம் கண்டால் உடைக்க வேண்டாம், மஞ்சளோ பற்பசையோ பூச வேண்டாம். குளிர் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வரலாம். படி ஏறும்போது முன்பில்லாத இளைப்பு, காரணமில்லாத களைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ஈசீஜீ எடுத்துப் பார்க்கும்வரை பிரதட்டைப் பேச்சே வேண்டாம். கண்ணின் பின்புறத்தில் இரத்தக்கசிவு இருக்கிறது என்று கண் கிளினிக்கில் சொல்லியிருந்தாலும் உருளக்கூடாது.

நேர்த்தியைக் கழிக்க மூன்று வழி

தேர் நாளில், வெறும் வயிற்றோடு, வெயில் ஏறிய பிறகு பிரதட்டை செய்வதற்கு என்னால் சம்மதம் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக இவற்றை அப்பாவின் முன்னால் வையுங்கள். தெரிவு அவருடையதாக இருக்கட்டும்.

முதலாவது, சனம் குறைந்த ஒரு சாதாரணத் திருவிழா நாளில், விடியற்காலையில் பிரதட்டை. மணல் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்கும். இதற்கு நிபந்தனைகள் உண்டு. காலில் திறந்த புண் இருக்கக்கூடாது. அன்று காலை சீனி 100க்கும் 250க்கும் இடையில் இருக்க வேண்டும். பிரஷரின் மேல் அளவு 100க்குக் கீழோ 180க்கு மேலோ காட்டினால் அன்று இல்லை. முதல் நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடித்து, மூத்திரம் இளமஞ்சளாகப் போக வேண்டும். தேத்தண்ணி நிறத்தில் போனால் உடம்பு வறண்டிருக்கிறது. இரண்டு மணித்தியாலம் முன்னர் இரண்டு இடியப்பமோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடலாம். அதற்குப் பிந்திச் சாப்பிட்டுவிட்டு உருண்டால் குமட்டும். முழு விரதம்தான் என்று நின்றால் தண்ணீராவது குடிக்கட்டும். ஈர வேட்டியோடு தொடங்கட்டும். ஒருவர் கூடவே நடந்து தண்ணீர் தெளித்து விசிறியால் வீச, மற்றவர் முகத்தைப் பார்த்தபடி வர வேண்டும். முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள்: இரண்டு நிமிடம் படுத்திருந்து, ஐந்து நிமிடம் குந்தியிருந்து, பிறகு கையைப் பிடித்து எழும்பட்டும்.

இரண்டாவது, சுற்று முழுவதையும் உருளாமல், அடையாளமாகச் சிறிது தூரம் உருண்டுவிட்டு மிச்சத்தை நடந்து கும்பிடுவது. மூன்றாவது, அப்பா நேர்த்தியை வைத்தவர் என்ற முறையில் கூடவே நடக்க, பிரதட்டையை அவர் சார்பில் இளவயதுள்ள ஒருவர் செய்வது. இது சமயமுறைப்படி சரியா என்பதை வீட்டுக்குப் பழக்கமான ஐயரிடம் கேளுங்கள். வைத்தியர் சொல்வதைவிட அவர் சொல்வது அப்பாவின் மனதில் தங்கும். என் பார்வையில், அந்தப் புண்ணின் கதையை வைத்துப் பார்த்தால், மூன்றாவதுதான் நல்லது. முதலாவதை அப்பா தெரிவு செய்தால், நிபந்தனை ஒன்றையும் தளர்த்தாமல் செய்யலாம்.

என்ன குடிப்பது

வெயிலில் நிற்கும் நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிளாஸ் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திராமல். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகி அதுவும் மயக்கத்தில் விடும். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்குத் தண்ணீர் அளவைக் கிளினிக்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீர்ப் பந்தலில் மோர் கிடைத்தால் அப்பாவுக்கு அது நல்லது. சர்க்கரைத் தண்ணீர் சீனி விழுந்தால் மட்டும். சீனி வருத்தக்காரர் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) குடிக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜீவனி போன்ற கரைசலில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான்; ஒரு லீற்றர் சோடாவில் 100 கிராமளவு சீனி. சத்தியோ வயிற்றோட்டமோ வந்து நீர் போனால் அப்பாவும் ஜீவனி குடிக்கலாம். ஆனால் அதில் உப்பு இருப்பதால், பிரஷர்காரர் சும்மா தாகத்துக்கு அதைக் குடிக்கத் தேவையில்லை. பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். குத்துமதிப்பாகக் கிளாஸில் அரைவாசியைக் கரைத்தால் உப்புச் செறிவு பிழைக்கும்.

கனடாப் பிள்ளைகளுக்கு வெளியில் ஐஸ் போட்ட குளிர்பானம் வேண்டாம். கொதித்தாறிய தண்ணீரை வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுபோங்கள்.

மயங்கி விழுந்தால்: முதலில் குளிர வை, பிறகு ஏற்று

உங்கள் திட்டத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டிய இடம் இது. பனடோல் காய்ச்சலுக்குரியது. காய்ச்சலில் மூளை தானாகவே உடம்பின் சூட்டு அளவை உயர்த்தி வைக்கிறது. பனடோல் அதை இறக்கும். வெயில் அதிர்ச்சியில் மூளை உயர்த்தவில்லை, வெளிச் சூடு உள்ளே தங்கிவிட்டது. அங்கே பனடோலுக்கு வேலை இல்லை; அடிபட்ட ஈரலுக்கு அது கூடுதல் பாரம்.

வெறும் களைப்பா, உயிராபத்தா என்று பிரிப்பது எப்படி? தோலைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "வியர்க்குது, அப்ப பயமில்லை" என்பது பிழை. உழைத்து, உருண்டு சூடேறியவர்களுக்கு வெயில் அதிர்ச்சியிலும் வியர்த்துக் கொட்டும். கமக்கட்டில் வைக்கும் வெப்பமானியும் குறைத்தே காட்டும். மூளையைப் பாருங்கள். "அப்பா, இண்டைக்கு என்ன திருவிழா? நான் ஆர்?" என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால் களைப்பு: நிழல், காலை உயர்த்திப் படுக்க வைத்தல், தண்ணீர், விசிறி. அரை மணித்தியாலத்தில் தேறாவிட்டால் வைத்தியசாலை. குழறினால், சம்பந்தமில்லாமல் கோபித்தால், தள்ளாடினால், வலிப்பு வந்தால் அது வெயில் அதிர்ச்சி. அந்த நிமிடத்திலிருந்து செய்ய வேண்டியது:

ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், எந்த மூடுதடைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இன்னொருவர் முதலுதவிக் கொட்டகைக்கு ஓடட்டும். கோயிலுக்குப் போனதும் முதல் வேலையாக அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

மற்றவர்கள் அந்த இடத்திலேயே குளிர வைக்கத் தொடங்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், எது கிடைத்தாலும் தலையிலிருந்து கால்வரை வாளி வாளியாக ஊற்றுங்கள். அது ஐஸ் தண்ணீராக இருக்கத் தேவையில்லை. உடம்பு 41 பாகையில் இருக்கும்போது கிணற்றுத் தண்ணீரே பெரிய குளிர். ஊற்றிக்கொண்டே பனையோலை விசிறியாலோ துவாயாலோ பலமாக வீசுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். ஈரச் சேலையால் மூடிவிட்டுச் சும்மா இருந்தால் அது சூட்டை உள்ளே அடைக்கும். மூடினால் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், நினைவில்லாதவருக்கு அது சுவாசப்பைக்குள் போகும். சத்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முதல் 30 நிமிடத்துக்குள் சூடு இறங்கினால் பிழைப்பவர்கள் அதிகம். ஓட்டோவில் ஏற்றி, நெரிசலுக்குள்ளால் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் நேரம் முழுக்க மூளை வெந்துகொண்டிருக்கும் என்பதை அண்ணாவுக்கும் சொல்லி வையுங்கள். அப்பா சீனி வருத்தக்காரர் என்பதால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒருவர் சீனியையும் குத்திப் பார்க்க வேண்டும்.

வானும் கசூரினாவும்

சின்னவனை வானுக்குள் விடக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கும் கூடாது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் கூடாது. வெயிலில் நிற்பாட்டிய வாகனத்துக்குள் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை சூடு ஏறும். 3 வயதுப் பிள்ளையின் உடம்பு பெரியவரைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். கதவைத் திறக்கவும் அவனுக்குத் தெரியாது. நித்திரை என்றால் தோளில் தூக்குங்கள், இல்லாவிட்டால் ஒருவர் அவனோடு வீட்டில் நிற்கட்டும். தேர்க் கூட்டத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் கையிலும் உள்ளூர்த் தொலைபேசி இலக்கம் ஒன்றைப் பேனாவால் எழுதிவிடுங்கள். கனடா இலக்கத்தை எழுதிப் பயனில்லை.

கசூரினா ஆழமில்லாத கடல், பயமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது காரைநகரின் வடகரை. சோளகம் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று. அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி. கரையோரத்தில் அலையே இல்லாமல் குளம் மாதிரித் தெரிவதற்கு ஒரு காரணம் அதுதான், ரியூப்பில் இருக்கும் பிள்ளையை அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போவதற்கும் காரணம் அதுதான். பிள்ளை மிதப்பதால் பயப்படாது, கூப்பிடாது. நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது நிற்க முடியாத ஆழத்தில் இருக்கும். ஆகவே ரியூப் வேண்டாம். உயிர்காப்பு அங்கி இருந்தால் போடுங்கள், அதோடும் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பெரியவர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். தண்ணீரில் தாழும் பிள்ளை கத்தாது, கை அசைக்காது. தலை பின்னால் சரிந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடும், அவ்வளவுதான்.

தூக்கியெடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லை என்றால் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்று நேரத்தை வீணாக்காதீர்கள். வயிற்றுச் சாப்பாடு சுவாசக்குழாய்க்குள் ஏறும். மூச்சுக் கொடுங்கள்: முதலில் ஐந்து, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கம், இரண்டு மூச்சு, அம்புலன்ஸ் வரும்வரை. கண் விழித்துச் சிரித்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், சில மணித்தியாலம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம். கடலுக்குக் காலை 9 மணிக்கு முன்னர் அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பின்னர் போங்கள்.

உரிமை யாருக்கு

அப்பாவுக்குத் தெளிந்த புத்தி இருக்கும்வரை, தன் உடம்பைப் பற்றிய முடிவு அவருடையது. அவரைப் பூட்டி வைக்கவோ ஏமாற்றவோ உங்களுக்கு உரிமை இல்லை. அண்ணாவுக்கும் அவரை உந்திவிட உரிமை இல்லை. ஆனால் முழு விபரத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை அப்பாவுக்கு உண்டு, இதுவரை அதை ஒருவரும் அவருக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் அழுது மறித்திருக்கிறீர்கள், அண்ணா தொலைபேசியில் தைரியம் சொல்லியிருக்கிறார். கிளிக்லசைட் என்ன செய்யும் என்று அவருக்கு யார் சொன்னது?

அண்ணாவிடம் இன்றைக்கே பேசுங்கள், வந்து இறங்கிய பிறகு அல்ல. "அப்பா உங்களுக்காக வைத்த நேர்த்தி. அதை வேறு நாளில் செய்யச் சொல்ல நீங்கள்தான் சரியான ஆள்" என்று சொல்லுங்கள். நீங்கள் ஐம்பது தரம் சொல்வதைவிட, சுகமாகி எழும்பிய மகன் ஒருதரம் சொன்னால் அப்பா கேட்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு, கொடியேற முன்னரே, கிளினிக் கொப்பியோடு அப்பாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் (Piriton) போன்ற குளிசைகளையும் காட்டுங்கள், அவை வியர்வையைக் குறைக்கும். மூன்று கேள்விகளை ஒரு துண்டில் எழுதி, அப்பாவின் கையிலேயே கொடுத்து, அவரையே கேட்கச் சொல்லுங்கள்: விரதக் காலையில் எந்தக் குளிசையை எத்தனை மணிக்குப் போடுவது? என் சிறுநீரகமும் இருதயமும் இதைத் தாங்குமா? என் காலை ஒருதரம் தொட்டுப் பார்த்து, எனக்கு எங்கே உணர்வு இல்லை என்று சொல்வீர்களா?